ஜெயித்தவர் சமைக்க வேண்டும்

இந்த வருடம் ஜெயிப்பேன். ஆனால் சமைக்க மாட்டேன்.

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே இந்த முடிவை எடுத்தேன். கண்ணாடியில் என் முகம் முழுக்க நுரை. இருந்தாலும் அது ஒரு கேப்டனின் முகம். அதே கண்ணாடியில் எட்டிப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த என் மனைவி விஜயராணி, "வாயக் கொப்புளிச்சிட்டு யோசிங்க, தண்ணி நின்னுரும்" என்றாள். தாராவியில் தண்ணீர் வந்த வேகத்தில் நின்றுவிடும். என் முடிவு அப்படியல்ல என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்க்குள் சொல்ல இடமில்லை.

விஷயம் இதுதான். நாங்கள் இருக்கும் கட்டிடத்தில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் அதிகம். பொங்கல் முடிந்து வரும் முதல் ஞாயிறு, செம்பூரில் வலை கட்டிய பாக்ஸ் கிரிக்கெட் மைதானம் ஒன்றை வாடகைக்கு எடுப்போம். புருசன்மார் ஒரு டீம், பொண்டாட்டிமார் ஒரு டீம். ஆறு பேர், ஆறு ஓவர், டென்னிஸ் பந்து, கையைச் சுழற்றாமல் அண்டர்ஆர்ம் பவுலிங். நாலு வருடமாக நடக்கிறது. நாலு வருடமும் நாங்கள்தான் ஜெயித்தோம். நாலு வருடமும் நான்தான் கேப்டன். எதிர் டீம் கேப்டன், பொட்டு வைத்துக்கொண்டிருந்தவள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. என் வீட்டில் நான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ள இந்த நாலு கோப்பைதான் உண்டு. மற்றபடி டிவி ரிமோட்டிலிருந்து திரைச்சீலையின் நிறம் வரைக்கும் எல்லாம் தோல்வி. ஒரு டிரா கூடக் கிடையாது. ஆகவே அந்த நாலு கோப்பையை நான் எவ்வளவு மதிப்பேன் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கோப்பையோடு ஒரு பெரிய சமையல் தேக்சாவும் வந்தது. எங்கள் கட்டிடத்து வழக்கப்படி ஜெயித்த டீம்தான் பார்ட்டி கொடுக்க வேண்டும். தோற்றவன் ஏற்கெனவே நொந்து கிடக்கிறான், அவனை ஏன் மேலும் நோகடிக்க வேண்டும் என்கிற நல்ல எண்ணத்தில் பிறந்த வழக்கம். முதல் வருடம் ஜெயித்தவுடன் ஓட்டலில் பிரியாணி சொல்லி முடித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். விஜயராணி தடுத்தாள். "ஓட்டல் சோத்த எவன் வேணாலும் வாங்கிப் போடுவான். ஜெயிச்ச கையால சமைச்சுப் போட்டாத்தான ஜெயிச்சவுகளுக்கு மரியாதை" என்றாள். ஆகா என்று கைதட்டினோம். அன்றைக்குத் தட்டிய கை நாலு வருடமாக வெங்காயம் உரிக்கிறது.

ஒவ்வொரு வருடமும் அதே காட்சி. மொட்டை மாடியில் நாங்கள் ஆறு பேரும் புகைக்குள் நின்று பெரிய தேக்சாவில் மட்டன் குழம்பைக் கிண்டுவோம். தோற்ற டீம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். "அண்ணே, உப்பு ஒரு கல்லு குறையுது" என்று ஒரு குரல் வரும். "எனக்கு எலும்பு வேண்டாம், சதையாப் போடுங்க" என்று இன்னொரு குரல் வரும். ஒரே சிரிப்பு. தோற்ற டீம் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. பெண்களுக்கு விளையாட்டு மனப்பான்மை அதிகம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பேக் தைக்கும் ஒர்க்‌ஷாப். ஆபீஸ்காரர்கள் தோளில் மாட்டும் லெதர் பேக். பக்கத்து ரூமில் ஜிப், பக்கிள் விற்கும் மேலப்பாளையத்து நசீர் எங்கள் டீமுக்கு விக்கெட் கீப்பர், எனக்குத் துணைக் கேப்டன், எங்கள் மாடியிலேயே எதிர் வீடு. அன்று காலை அவரிடம் என் முடிவைச் சொன்னேன். இனிமேல் ஜெயித்தவர் சமைக்கக் கூடாது. தோற்றவர்தான் சமைக்க வேண்டும்.

"ரூல மாத்துறது சரிதாண்ணே. தோத்துட்டா?"

"எப்படிய்யா தோப்போம்? நாலு வருசமா ஜெயிச்சிருக்கோம்லா."

"அது போன வருசம் வரைக்கும். கிரவுண்டுல எறங்குனா ரெண்டு டீமுக்கும் சைபர்லதான ஆரம்பிக்கும்? பழைய ரிசல்ட்டு பந்துக்குத் தெரியுமா, மட்டைக்குத் தெரியுமா?"

"பந்துக்குத் தெரியாது. மட்டையப் பிடிச்சிருக்கிற கைக்குத் தெரியும். இங்க பாரு." வெட்டிவைத்திருந்த லெதர் துண்டு ஒன்றை எடுத்து மடித்துக் காட்டினேன். "ஒருதடவ மடிச்ச லெதர நீ எவ்வளவு நீவிவிட்டாலும் அடுத்தால அதே எடத்துலதான் மடியும். மனசும் அப்படித்தான். நாலு வருசமா ஒரே எடத்துல மடிஞ்ச மனசு அஞ்சாவது வருசம் நிமிந்துருமா?"

நசீர் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க வீட்டுல மடியுறது யாருண்ணே?" என்றார்.

நல்லவேளையாக வைத்தீஸ்வரன் சார் உள்ளே வந்தார். மாட்டுங்காக்காரர். அவர் ஆபீசுக்கு வருடாவருடம் எங்களிடம்தான் பேக் தைப்பார். கிரிக்கெட் கணக்கென்றால் சோறு தண்ணி வேண்டாம். அவர் மனைவி ருக்கு எங்கள் மேட்சில் ஆடுவதில்லை என்பதால் எங்களுக்குக் கிடைத்த ஒரே நடுநிலையான அம்பயரும் அவர்தான்.

"நீங்களே சொல்லுங்க சார். போன வருச ரிசல்ட்டு இந்த வருசம் உதவுமா, உதவாதா?"

"அதுக்குப் பேர்தான்யா சைக்காலஜிகல் எட்ஜ்" என்றார் சார், நாற்காலியில் உட்காரும் முன்பே. "நாலு மேட்ச்லயும் கடைசி ஓவர்ல லேடீஸுக்கு நாலஞ்சு ரன்தான் வேணும். நாலு தடவையும் எடுக்க முடியலை. கிட்ட வந்து கிட்ட வந்து கோட்டை விட்டுடறா. மனசுல பயம் உக்காந்துடுத்துன்னா அப்படித்தான் ஆகும். எட்ஜ் உங்க பக்கம்தான் மாரி, சந்தேகமே இல்லை. ஆனா ஒண்ணு..."

"ஆனா எல்லாம் வேண்டாம் சார். டீ சாப்பிடுங்க" என்றேன்.

நல்ல வார்த்தை ஒருவர் சொல்லும்போது பாதியிலேயே நிறுத்திவிட வேண்டும் என்பது என் கொள்கை. 'ஆனா' வரைக்கும் கேட்டதே அதிகம்.

நசீருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "சஃபீனா தண்ணி இல்லாத அன்னைக்கு மூணு மாடிக்குக் கேன் தூக்கிட்டு ஏறுதா. அவ நாலு ரன்னுக்கு நடுங்குவான்னு எனக்கு நம்பிக்கை வரலண்ணே" என்றார். சஃபீனா அவர் மனைவி. எதிர் டீமின் முக்கியமான பவுலர்.

"கேனு வேற, கிரிக்கெட்டு வேற" என்று முடித்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அடுப்படி வாசலில் நின்று அறிவித்தேன். வாசலில்தான் நிற்க முடியும். எங்கள் அடுப்படியில் ஒரு ஆளும் ஒரு தோசைக்கல்லும்தான் நிற்கலாம்.

"ஏட்டி, இந்த வருசம் ரூல மாத்தப்போறோம்."

"எந்த ரூல?"

"ஜெயிச்சவுக சமைக்கிறது இனிமே கிடையாது. தோத்தவுகதான் சமைக்கணும்."

மாவை வட்டம் போட்டுக்கொண்டிருந்த கரண்டி பாதி வட்டத்தில் நின்றது. பிறகு மீதி வட்டத்தை மெதுவாக முடித்தது.

"அது எப்படிங்க? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா."

"உலகத்துல எந்தக் கேப்டனாவது கப்ப வாங்கிட்டு வெங்காயம் உரிக்கானா?"

"நீங்க நல்லா உரிக்கிய."

"பேச்ச மாத்தாத."

"பயமா இருக்குங்க. நாங்க நாலு வருசமாத் தோத்த டீமு. உங்க பவுலிங்க நெனச்சாலே..." அவளால் பேச முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கே பாவமாகப் போய்விட்டது. இருந்தாலும் ஒரு கேப்டன் இரக்கப்படக் கூடாது.

அந்த நேரம் பார்த்து இட்லி மாவு கேட்டுச் சஃபீனா வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒருநாச் சோத்துக்கா அண்ணே இம்புட்டுப் பெரிய ரூலு? ஜெயிப்போம்னு அவ்வளவு உறுதியா இருக்கிறவுக, வருசம் பூரா ஞாயித்துக்கிழமச் சமையல்னு வைக்க வேண்டியதான?"

"ஏ சஃபீனா, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு" என்று விஜயராணி பதறினாள். "அவுக ரோசக்காரவுக. நெசமாவே வச்சிருவாவ."

"வச்சா என்ன?" என்றேன்.

"வேண்டாங்க."

"வச்சாச்சு."

"உங்க கால்ல விழுதேன்."

இடம் இல்லாததால் விழவில்லை. நான் தொடர்ந்தேன். "தோத்த டீமு அடுத்த பொங்கல் வரைக்கும் ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அவுகவுக வீட்டுல சமைக்கணும். பாத்திரம் கழுவுறதும் அவுகதான்." பாத்திரத்தை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

விஜயராணி பெருமூச்சு விட்டாள். "சரி, எங்க தலையெழுத்து. ஆனா நாளைக்கு நாங்க அழுதா நீங்க எரக்கப்பட்டு மாத்திருவிய. உங்க மனசு எனக்குத் தெரியாதா? இப்பமே பில்டிங் குரூப்புல வாய்ஸாப் போட்டுருங்க. பொறவு மாத்த முடியாதுல்லா."

போட்டேன். கம்பீரமாகவே போட்டேன். மறுநாள் காலை நசீர் கதவைத் தட்டினார். முகம் சரியில்லை.

"அண்ணே, இப்பவும் ஞாயித்துக்கிழம வீட்டுல யாரு சமைக்கா?"

"அவுகதான்."

"நாம ஜெயிச்சா?"

"அவுகதான்."

"அப்ப ஜெயிச்சா நமக்குப் புதுசா என்ன கிடைக்குது? இருக்கிறது இருக்கும், அவ்வளவுதான். தோத்தா இருக்கிறதும் போயிரும்லா?"

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. "சட்டப்பூர்வமா ஆயிரும்லா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் போன பிறகு கொஞ்சம் வியர்த்தது.

ஏனென்றால் ஞாயிறு என்பது எனக்கு என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஆறு நாள் ரெக்சினும் பசையும் மணக்கும் ரூமுக்குள் குனிந்தே கிடக்கிறேன். ஞாயிறு விடிந்தால் ஷூவை மாட்டிக்கொண்டு சயான் மைதானத்துக்குப் போய்விடுவேன். பன்னிரண்டு வரை கிரிக்கெட். பிறகு மட்டன். பிறகு தூக்கம். தாணேயிலிருந்து என் தங்கச்சி குடும்பமும் சாப்பிட வந்துவிடும். எனக்கு இருக்கும் ஒரே சுகம் அந்த ஒரு நாள்தான். அதைத் தூக்கித்தான் தோசைக்கல் பக்கத்தில் பந்தயம் வைத்திருக்கிறேன். இனிப் பின்வாங்க முடியாது. ஆகவே சைக்காலஜிகல் எட்ஜை இன்னும் கூராகத் தீட்டுவது என்று உறுதி செய்தேன்.

முதல் வேலையாக நாலு கோப்பைகளையும் பீரோ மேலிருந்து இறக்கி, அவள் கண்ணில் படும்படி அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் ஒன்றில் கரண்டிகள் நின்றன. ஒன்றில் கறிவேப்பிலை. ஒன்றில் புளி. நாலாவது கோப்பை சும்மா இருந்தது. "அதுல என்ன வைக்கலாம்ங்க?" என்று கேட்டாள்.

இரண்டாவது ஆயுதம் வீடியோ. போன வருட மேட்சின் கடைசி ஓவர் போனில் இருந்தது. அதை டிவியில் போட்டு தினமும் சாயங்காலம் ஓட்டினேன். தோல்வியைக் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் ஆள் உள்ளுக்குள் உடைந்துபோவாள் என்பது என் கணக்கு. அவள் தனியாக உடையவில்லை. சஃபீனாவையும் மற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆறு பேரும் தரையில் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். "அண்ணே, அந்த மூணாவது பந்தத் திரும்பப் போடுங்க" என்றாள் சஃபீனா. "கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க" என்றாள் என் மனைவி. பயத்தில் திகைத்துப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, நான் ஒவ்வொரு பந்தாக நிறுத்தி, எங்கே விழும், எங்கே திரும்பும் என்று விளக்கமும் கொடுத்தேன்.

எங்கள் டீம் பிராக்டிஸ் செய்யவில்லை. ஜெயிக்கிறவன் எதற்குப் பிராக்டிஸ் செய்ய வேண்டும்? அவர்களும் செய்ததாகத் தெரியவில்லை. சாயங்காலமானால் செம்பூர் முருகன் கோவிலுக்குக் கூட்டமாகப் போனார்கள். ஏதோ நேர்த்தியாம். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்கள். அந்தக் கோவிலில் படிகள் அதிகம், வேர்க்கத்தான் செய்யும். கடைசியில் கடவுளிடம் போய்விட்டார்களே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

மேட்ச் நாள் வந்தது.

முதல் அதிர்ச்சி உடையில் இருந்தது. நாலு வருடமும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டும் துப்பட்டாவை முடிந்துகொண்டும் ஆடியவர்கள், ஆறு பேரும் ஒரே நிறத்தில் டிராக் பேண்ட், முழங்கை வரை டிஷர்ட், காலில் ஷூ. சஃபீனா தலைத்துணியைக் கூட டிஷர்ட் நிறத்துக்குப் பொருத்தமாகக் கட்டியிருந்தாள். நசீர் என் காதருகே வந்து, "அண்ணே, லெதரு நிமிந்த மாதிரி இருக்கு" என்றார்.

"உடை வேற, மனசு வேற" என்றேன்.

நாங்கள் முதலில் ஆடினோம். சஃபீனாவின் பந்து தரையோடு ஊர்ந்து வந்தது. மூணு மாடிக்குக் கேன் தூக்கிய கை. நான் வழக்கம்போல உயர்த்தி அடித்தேன். மேலே இருக்கும் வலையில் நேராகப் பட்டால் அவுட் என்பது பாக்ஸ் கிரிக்கெட் விதி. பட்டது. எப்படியோ இழுத்துப் பிடித்து ஆறு ஓவரில் நாற்பத்தொன்பது எடுத்தோம். ஐம்பது எடுத்தால் அவர்களுக்கு வெற்றி.

விஜயராணி மட்டையோடு வந்து நின்றாள். நான் பக்கத்தில் போய் மெல்லிய குரலில் என் மூன்றாவது ஆயுதத்தைப் பிரயோகித்தேன்.

"போன வருசம் ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. மட்டன் வேகல."

அவள் வலையின் எல்லா மூலைக்கும் பந்தைத் தரையோடு அனுப்பினாள். சஃபீனா மறுமுனையில் ஓடிக்கொண்டே இருந்தாள். ஆனாலும் நசீர் ஒரு ஸ்டம்பிங் செய்தார், இரண்டு ரன் அவுட் கிடைத்தது. ஐந்து ஓவர் முடிந்தபோது நாற்பத்தாறு. கடைசி ஓவரில் நாலு ரன் வேண்டும்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அதே கடைசி ஓவர். அதே நாலு ரன். அதே விஜயராணி. நாலு வருடமாக இந்த இடத்தில்தான் அவர்கள் மடிந்தார்கள். பந்தை நானே வாங்கிக்கொண்டேன். வரலாறு என் பக்கம் இருந்தது. பந்து போடக் கையைப் பின்னால் கொண்டுபோனபோதுதான் வருடம் முழுக்க வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைகள் அவள் பக்கத்தில் வரிசையாக நிற்பது போல ஒரு நினைப்பு வந்தது. சயான் மைதானம் கண்ணுக்குள் வந்துபோனது.

முதல் பந்து கொஞ்சம் விலகிப் போயிற்று. வழக்கமாக இப்படி ஒரு பந்து வந்தால் அவள் எட்டிப் போய் அடித்துக் கேட்ச் கொடுப்பாள். அதுதான் அந்தப் பந்தின் தந்திரமே என்று நான் வீடியோவில் விளக்கியிருந்தேன். இந்த முறை மட்டையை ஊன்றிக்கொண்டு பந்து போவதை வேடிக்கை பார்த்தாள். வைத்தீஸ்வரன் சார் இரண்டு கையையும் விரித்தார். வைடு. மூணு ரன் வேண்டும்.

அடுத்ததைச் சரியாகப் போட வேண்டும் என்று உறுதியாகப் போட்டேன். அது மற்ற பக்கம் போயிற்று. சார் கையை விரித்தார்.

"அண்ணே, நேரா" என்று நசீர் கத்தினார்.

நேராகத்தான் போட்டேன். பந்துக்கு அது தெரியவில்லை. சார் மறுபடியும் கையை விரித்தார். ஸ்கோர் சமம். விஜயராணி இன்னும் மட்டையைத் தூக்கவே இல்லை. என்னைப் பார்த்து, "அவசரப்படாமப் போடுங்க" என்றாள். அக்கறையோடுதான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

நாலாவது பந்து நசீரின் கைக்கு எட்டாமல் வலையில் போய் விழுந்தது. சார் கையை விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு ஒழுங்கான பந்து கூடப் போடாமல் மேட்ச் முடிந்துவிட்டது.

பெண்கள் கூட்டம் வலை அதிரக் கத்தியது. நான் தலையைக் குனிந்துகொண்டு சாரிடம் போனேன். "நீங்களே சொன்னியளே சார், எட்ஜ் எங்க பக்கம்னு."

"சொன்னேன். 'ஆனா ஒண்ணு'ன்னும் சொன்னேன். நீர்தான் டீ குடுத்து வாயை அடைச்சுட்டீர்." சார் தொப்பியைக் கழற்றினார். "நாலு வருஷமும் கடைசி ஓவர்ல நீர் போட்ட வைடை எல்லாம் உம்ம ஆத்துக்காரி துரத்தித் துரத்திப் போய் அடிச்சுண்டிருந்தா. தோக்கறவா யாரும் அவ்வளவு கஷ்டப்பட மாட்டா. அதைத்தான் சொல்ல வந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் அவளை உட்கார வைத்து நேருக்கு நேர் கேட்டேன். "நெசத்தச் சொல்லு. நாலு வருசமும் வேணும்னேதான் தோத்தியளா?"

"மொத வருசம் நெசமாவே தோத்தோம்ங்க" என்றாள். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். "அன்னைக்கு மாடியில சேர்ல உக்காத்தி வச்சிய. ஒருத்தர் எலை போட்டிய, ஒருத்தர் சோறு போட்டிய, இன்னும் கொஞ்சம் கறி வைக்கட்டான்னு நீங்க வந்து கேட்டிய. கல்யாணமாகி வந்த பொறவு நான் சுடச்சுட உக்காந்து சாப்பிட்டது அன்னைக்குத்தான். அதுக்குப் பொறவு எவளுக்குங்க ஜெயிக்கத் தோணும்?"

பத்தொன்பது வருடம். ஒரு நாள் கூட இதை நான் யோசித்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"ஆனா தோக்குறதும் லேசில்ல கேட்டியளா" என்று அவள் தொடர்ந்தாள். "உங்க பந்துக்கு அவுட் ஆவணும்னா எம்புட்டுப் பாடுபடணும் தெரியுமா? நீங்க பாட்டுக்கு எங்கயோ போடுவிய. நான் ஓடிப்போயிப் பிடிச்சு அடிக்கணும். போன வருசம் இடுப்பே பிடிச்சிக்கிட்டு."

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"அப்ப அந்தக் கோவில் நேர்த்தி?"

"பொய் சொல்லலீங்க. கும்பிட்டுட்டுத்தான் பிராக்டிஸுக்குப் போனோம்."

அடுத்த ஞாயிறு விடிந்தது. பழக்க தோஷத்தில் எழுந்து ஷூவைத் தேடினேன். வாசலில் விஜயராணி தன் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள். செம்பூரில் பெண்களுக்கு ஞாயிறு காலையில் ஒரு டென்னிஸ் பந்து லீக் நடக்கிறதாம். அவளையும் சஃபீனாவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "கறி கழுவி வச்சிருக்கேன், மசாலா மட்டும் அரைச்சிக்கிடுங்க. தாணேக்காரவுக பன்னெண்டுக்கு வந்துருவாவ" என்றாள். எதிர் வீட்டு ஜன்னலில் நசீரின் தலை தெரிந்தது. அவரும் கையில் கத்தியோடு நின்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வெங்காயத்தை உரிக்க உட்கார்ந்தேன். கண்ணீர் வந்தது. கண்ணீரோடு ஒரு யோசனையும் வந்தது. அடடா, இது ஏன் முதலிலேயே தோன்றாமல் போயிற்று? பழைய விதியையே மறுபடி கொண்டுவந்துவிட வேண்டும். ஜெயித்தவர் சமைக்க வேண்டும். வருடம் முழுக்க. பிறகு நாங்கள் தோற்றுவிட வேண்டும். தோற்பதற்கு என்ன, என் பவுலிங் ஒன்று போதாதா? பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் வலையில் அவளையே சிக்கவைக்கப் போகிறேன். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன். என்ன இருந்தாலும் வழக்கம் வழக்கம்தான. அடுத்த வருசம் பழைய ரூலுக்கே போயிருவோம். ஜெயிச்சவுகளே வருசம் பூராச் சமைக்கட்டும்."

"சரிங்க" என்றாள் உடனே.

"பக்காவா?"

"பக்கா. இப்பமே குரூப்புல வாய்ஸாப் போட்டுருங்க."

போட்டேன். போடும்போது சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. அவள் கிட்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தைத்த பேக்தான். வாசல் தாண்டிப் போனவள், ஏதோ மறந்துவிட்ட மாதிரித் திரும்பி எட்டிப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணுங்க. தோக்குறதுல எங்களுக்கு நாலு வருச ரெக்கார்டு இருக்கு. சைக்காலஜிகல் எட்ஜு எங்க பக்கம்லா?"